சாயம் தொட்ட பதினோரு தேனீக்கள்

ஜூன் 18

முதல்வர் மரகதவல்லி இன்று எல்லா ஆசிரியர்களையும் கூட்டி வைத்து ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவம் முழுவதும் தேனீயைக் கலை, வடிவமைப்பு, அறிவியல் என்ற மூன்று வழிகளில் கற்பார்களாம். செப்டம்பரில் கண்காட்சியாம். தேனீயைக் கற்க ஒரு வழி போதும். அது பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. இருபத்தெட்டு வருடங்களாகப் பிள்ளைகளை அந்த வழியில்தான் கூட்டிப் போகிறேன். ஒருவரும் தொலைந்து போனதில்லை.

அறிவியலுக்கு நான். கலைக்கும் வடிவமைப்புக்கும் ஓவிய வாத்தியார் நஞ்சப்பன். இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்தான், அதுவும் தற்காலிகப் பணி. சட்டைக் கையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். இன்று பச்சை.

வரும் வழியில் அரை லிட்டர் பால். முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 20

தேனீப் பெட்டி வந்தது. இந்தியத் தேனீ, அடை கட்ட எட்டுச் சட்டங்கள். ஆய்வகத்துக்குப் பின்னால் நாவல் மரத்தடியில், நான்கு கால் பலகை மேல் வைத்தார்கள். நஞ்சப்பன் கையுறைகூடப் போடாமல் மூடியைத் திறந்து, சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், வந்து பாருங். ஒண்ணும் பண்ணாதுங்க."

ஜன்னல் வழியாகவே தெரிகிறது என்றேன். பிறகு ஜன்னலைச் சாத்தினேன். பயத்தால் அல்ல. ஆடிக்கு முன்பே பொள்ளாச்சிக் காற்று ஆரம்பித்துவிட்டது, தாள்கள் பறக்கின்றன.

ஜூன் 24

என் பங்கை முடித்துவிட்டேன். ராணித் தேனீ ஒன்று, ஆண் தேனீக்கள் சில நூறு, வேலைக்காரத் தேனீக்கள் பல ஆயிரம். கரும்பலகையில் படம், பாகங்கள் குறித்தல். நாற்பது நிமிடம்.

அடுத்த பாடவேளையில் நஞ்சப்பன் அதே பிள்ளைகளிடம், "பார்க்காம, மனசுல இருக்கற தேனீய வரைங்க" என்றிருக்கிறார். முப்பத்தெட்டுப் பேர் வரைந்ததை ஆசிரியர் அறையில் பரப்பி வைத்தார். முப்பத்தொரு பேர் இரண்டே இறக்கை போட்டிருந்தார்கள். ஒருத்தி தேனீக்குக் கண்ணிமை வைத்திருந்தாள். ஒருவன் பல் வைத்திருந்தான். அரை மணி நேரத்துக்கு முன்புதான் நான் நான்கு இறக்கைகள் என்று எழுதிப் போட்டேன்.

"பார்த்தீங்களா டீச்சர்?" என்றார் நஞ்சப்பன், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

"பார்த்தேன். முட்டாள்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். யாரைச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஜூலை 2

ஒரு வாரமாகப் பிள்ளைகள் பெட்டிக்கு முன்னால் அரை வட்டமாகத் தரையில் உட்கார்ந்து வரைகிறார்கள். நஞ்சப்பன் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி வாங்கித் தந்திருக்கிறார். நான் மேற்பார்வைக்காகப் போகிறேன். யாராவது ஒரு பெரியவர் நிற்க வேண்டும் அல்லவா?

இன்று துளசிமணி என்ற பெண் எழுந்து வந்தாள். நார் மில்லில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் மகள். கடைசி பெஞ்சு, நாற்பதுக்கு மேல் மதிப்பெண் வாங்கியதில்லை.

"டீச்சர், தேனீக்குக் கண்ணுல முடி இருக்குதுங்க."

"கண்ணில் முடியா? உனக்குத் தலையில் முடி இருக்கிற அளவுக்கு மூளை இருந்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டாய்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து, கண்ணின் மேல் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிடிவாதம் பிடித்த கழுதை.

பள்ளி விட்டதும் ஆய்வகத்தைப் பூட்டும் முன், ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்.

ஜூலை 3

முடி இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் போட்டிருக்க வேண்டும். போடாதது புத்தகம் எழுதியவர்களின் அலட்சியம். வகுப்பில் "நீங்கள் கவனிக்கிறீர்களா என்று சோதித்தேன்" என்று சொன்னேன். துளசிமணி "சரிங்க டீச்சர்" என்றாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். எதையும் நம்பும் பிள்ளை.

இரவு உப்புமா. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 16

புதுப் பைத்தியம். தேனீக்கள் காலில் உருட்டிக்கொண்டு வரும் மகரந்தத்தின் நிறத்தைப் பிள்ளைகள் தினமும் பத்தரை மணிக்குப் பார்த்து, அதே நிறத்தை நீர்வண்ணத்தில் கலந்து, சுவரில் ஒட்டிய நீளத் தாளில் கட்டம் கட்டமாகப் பூசுகிறார்கள். தேதி, நிறம், அந்த நிறத்தில் மகரந்தம் உள்ள பூ. பூவைக் கண்டுபிடிக்க மதில் ஓரமெல்லாம் அலைகிறார்கள். தென்னைக்குப் பாலாடை நிறம், மூக்குத்திப் பூவுக்கு அடர்ந்த மஞ்சள். மற்ற பூக்களுக்குப் பெயர் தெரியாமல் கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

நிறத்தை வைத்துப் பூவைச் சொல்வது ஜோசியம் என்று நஞ்சப்பனிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க அந்த மிஷின்ல வெச்சுப் பார்த்துச் சொல்லுங் டீச்சர். மகரந்தம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உருவமாமே?"

அறிவியல் என்றால் என்ன என்று காட்டுவதற்காக ஒப்புக்கொண்டேன். தொட்டாற்சுருங்கியின் மகரந்தத் துகள் இவ்வளவு சிறிது என்று இதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. மாலை ஆறு வரை ஆய்வகத்தில் இருந்தேன். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டபோது, எனக்கு வேறு வேலையே இல்லையா என்று அவன் நினைத்திருப்பான்.

ஆகஸ்ட் 5

தண்ணீர்த் தொட்டியில் தேனீக்கள் விழுந்து சாகின்றன என்று பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து, மூழ்காமல் தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம் செய்கிறார்கள். வடிவமைப்பாம். ஒரு குழு காகிதப் படகு விட்டது, நனைந்து கவிழ்ந்தது. இன்னொரு குழு பளிங்கு உருண்டைகளைப் போட்டது. தேனீக்கள் வழுக்கி விழுந்தன. எல்லாப் பொறியாளர்களும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் போலும். துளசிமணி அம்மாவின் மில்லில் இருந்து தேங்காய் நார் கொண்டுவந்து, தட்டில் பரப்பித் தண்ணீர் ஊற்றினாள். ஐந்து நிமிடத்தில் பதினேழு தேனீக்கள் நாரில் வரிசையாக உட்கார்ந்து குடித்தன.

நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18

ஒரே தேனீ திரும்பத் திரும்ப வருகிறதா, வேறு வேறு தேனீக்களா என்று ஒரு பையன் கேட்டான். அதனால் இன்று தண்ணீர் குடிக்கும் தேனீக்களின் முதுகில் புல் நுனியால் ஒரு பொட்டுச் சாயம் வைத்தார்கள். தண்ணீரில் கரைகிற, விஷமில்லாத சாயம்தானா என்று டப்பாவை நானே வாங்கிப் படித்தேன். நஞ்சப்பன் ஓவிய வாத்தியார், டப்பாவையெல்லாம் படிக்க மாட்டார். பதினோரு தேனீக்கள். துளசிமணி மட்டும் எட்டு வைத்தாள். அவள் கை நடுங்குவதில்லை.

ஒன்றை நான் வைத்தேன், கொஞ்சம் கோணலாக. செய்முறை சரியா என்று பார்ப்பதற்காக.

ஆகஸ்ட் 22

சாயப்பொட்டு வைத்தவற்றில் நேற்று மட்டும் ஒன்பது தேனீக்கள் தண்ணீருக்குத் திரும்பி வந்தன. அதில் கோணல் பொட்டு, என்னுடையது, மூன்று தடவை. ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறேன்.

மகரந்தத் தாளில் நான்கு நாளாக ஒரே வெளிர் மஞ்சள். நுண்ணோக்கியில் பெரிய பெரிய உருண்டைகள். மக்காச்சோளம். மதிலுக்கு அப்பால் பள்ளித் தாளாளரின் மருமகனுடைய சோளக்காடு முழுக்கக் கதிர்ப்பூ விட்டிருக்கிறது. துளசிமணிதான் முதலில் சொன்னாள். நான் உறுதி செய்தேன்.

ஆகஸ்ட் 27

காலை பத்து மணிக்கு மதிலுக்கு அப்பால் நான்கு பேர் முதுகில் டப்பா மாட்டிக்கொண்டு சோளத்துக்கு மருந்தடித்தார்கள். படைப்புழுவாம். ஆய்வகம் முழுக்க வாடை. ஜன்னலைச் சாத்தினேன். தேர்வுத்தாள் திருத்தினேன்; ஒருவனுக்கும் இதயத்தின் அறைகள் எத்தனை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

பெட்டிக்கு முன்னால் தரை கறுப்பாகக் கிடந்தது. முதலில் நாவல் பழம் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நூற்றுக்கணக்கில். சிலது இன்னும் முதுகில் கிடந்து சுற்றிக்கொண்டிருந்தன. நாக்கு வெளியே நீண்டிருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும். பிள்ளைகள் எதையும் மிதிக்காமல் விலகி நின்றார்கள். நஞ்சப்பன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"ராணியும் போச்சுங்க" என்றார்.

நாற்பது தேனீக்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29

மரகதவல்லி கூப்பிட்டார். கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருகிறார், தாளாளர் குடும்பத்தோடு வருகிறார், பெட்டி காலியாக இருந்தால் கேட்பார்கள்.

"என்ன காரணம்னு நீங்க ஒரு அறிக்கை எழுதிக் குடுக்கோணும் டீச்சர். சயின்ஸ் டீச்சர் நீங்கதானுங்க."

மருந்து என்றேன். நாக்கு நீண்டு செத்தால் மருந்து.

"அடுத்தவங்க காட்டு விஷயம் நமக்கு எதுக்குங்? அந்த டிராயிங் மாஸ்டர் பசங்கள விட்டுச் சாயம் பூசி விளையாடுனாருன்னு கேள்விப்பட்டேன். சாயத்துல கெமிக்கல் இருக்குமில்லீங்களா?"

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். அதுக்கு மேல தாளாளர் நீட்டிப்புக் குடுத்தாத்தான் உண்டு. நாஞ் சொல்லித்தான் தெரியோணுமா?"

மூளையே இல்லாத பெண்மணி என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். எங்கே குத்தினால் உள்ளே போகும் என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 30

எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. "தேனீக்களின் உடலில் பூசப்பட்ட வண்ணப் பொருளால் இறப்பு நேர்ந்திருக்க வாய்ப்புண்டு." வாய்ப்புண்டு என்றுதான் எழுதினேன். மொழி தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

மாவு அரைத்தேன். புளித்துவிட்டது.

செப்டம்பர் 1

நஞ்சப்பனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் தன் தூரிகைகளை ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் விடைத்தாள் கட்டை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்கு வேற எடம் கெடைக்கும் டீச்சர். அதப் பத்திப் பேச வரலீங்க" என்றார். "ஒண்ணே ஒண்ணு. சாயந்தான் கொன்னுச்சுன்னு குழந்தைககிட்ட மட்டும் சொல்ல வேண்டாமுங்க. கையால வெச்சது அதுகதான்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அறிக்கை எழுதும்போது அவரைப் பற்றி யோசித்தேன், என்னைப் பற்றி நிறையவே யோசித்தேன். பொட்டு வைத்த விரல்கள் யாருடையவை என்று யோசிக்கவில்லை.

"சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 2

நான் சொல்லவில்லை. மரகதவல்லி காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார். "உயிரோட விளையாடக் கூடாது. சாயம் பூசுனதால அத்தன தேனீயும் செத்துருச்சு. நம்ம சயின்ஸ் டீச்சரே எழுத்துல குடுத்திருக்காங்க." கேட்டுக்கொண்டு எட்டாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில்தான் நின்றேன். துளசிமணி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவற்றைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 3

துளசிமணி வரவில்லை. பாடவேளை முடிந்ததும் ஒரு பையன் மேசைக்கு வந்து, "டீச்சர், அந்தச் சாயம் எங்க கையிலயும் பட்டுச்சுங்க. எங்களுக்கும் ஏதாச்சும் ஆகுங்களா?" என்று கேட்டான். ஆகாது, போ என்று விரட்டினேன். அவன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது.

செப்டம்பர் 4

இன்றும் வரவில்லை. பள்ளி விட்டதும் நார் மில் குடியிருப்புக்குப் போனேன். மேட்டுப் பாதை, முழங்கால் போயிற்று. துளசிமணியின் அம்மா என்னைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் ஒரு மாணவியின் வீட்டுக்கு இப்போதுதான் முதல் தடவையாகப் போகிறேன்.

"சோறே எறங்க மாட்டேங்குதுங்க டீச்சர். எட்டு தேனீக்கு நாந்தான் வெச்சேன், அதுல இருந்து எல்லாத்துக்கும் ஒட்டிருச்சுன்னு சொல்லுது. தேனீ செத்தா இன்னொண்ணு வருமில்ல சாமின்னு சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க."

அவள் உள்ளே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பிள்ளைகளிடம் இதமாகப் பேசத் தெரியாது. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வா. ஒன்று காட்ட வேண்டும்" என்றேன். அவள் திரும்பவில்லை. "வராவிட்டால் நான் மறுபடியும் இந்த மேட்டில் ஏற வேண்டும்" என்றேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். ஆளுக்கொரு ரோஜா, ஒரு பேனா, மரகதவல்லியின் உரை. அறிவொளி, ஏணி, மெழுகுவர்த்தி. என் ரோஜாவில் எறும்பு இருந்தது.

துளசிமணி வந்திருந்தாள். மூன்றாம் பாடவேளையில் எட்டாம் வகுப்பை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். புட்டியிலிருந்த தேனீக்களை மேசைகளில் பரப்பினேன். எதையும் சொல்லித் தரவில்லை. "பாருங்கள். பார்த்ததை வரையுங்கள்" என்றேன். அது என் வாயில் வர வேண்டிய வாக்கியம் அல்ல, நஞ்சப்பனுடையது.

அரை மணி நேரம் ஆயிற்று.

"எல்லாத்துக்கும் நாக்கு நீண்டிருக்குதுங்க."

"நாப்பதுல ரெண்டுக்குத்தான் சாயம் இருக்குதுங்க டீச்சர்."

"சாயம் இல்லாததும் அதே மாதிரிதான் செத்திருக்குதுங்க."

"சாயம் வைத்து எத்தனை நாள் கழித்துச் செத்தன?" என்று கேட்டேன். ஒரு பையன் சுவரிலிருந்த மகரந்தத் தாளுக்கு ஓடி, சாயம் வைத்த நாளிலிருந்து கட்டங்களை எண்ணினான். பத்து நாள். பத்து நாளும் நன்றாகத் தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்தன. "கடைசி வாரம் எங்கே போயின?" வெளிர் மஞ்சள். சோளக்காடு.

"இருபத்தேழாந் தேதி அங்க மருந்தடிச்சாங்க" என்றாள் துளசிமணி. "வாட வந்துச்சு. நீங்க ஜன்னலச் சாத்துனீங்க."

"ஆமாம்."

"அப்ப நாங்க கொல்லலீங்களா?"

"இல்லை."

பிறகு அவள் கேட்டாள். யாராவது கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்டிருக்க வேண்டாம்.

"அப்பறம் ஏனுங் டீச்சர் அப்பிடி எழுதிக் குடுத்தீங்க?"

சோதித்தேன் என்று சொல்லலாம். அழுத்தம் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். முப்பத்தெட்டு முகங்கள். மனிதக் குஞ்சுகளிடம் எனக்கு என்றைக்கும் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனால் அந்த அறையில் கேவலமான ஜந்து ஒன்றுதான் இருந்தது, அது மேசைக்கு இந்தப் பக்கம் நின்றது.

"பயந்து எழுதினேன்" என்றேன். "பொய் என்று தெரிந்தே எழுதினேன்."

மணி அடித்தது. போகும்போது துளசிமணி பூதக்கண்ணாடிகளை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 12

கண்காட்சி. மரகதவல்லி அட்டையில் ஆளுயரத் தேனீ ஒன்று செய்து வாசலில் வைத்திருந்தார். அதற்குக் கண்ணிமை இருந்தது.

எட்டாம் வகுப்பு மேசையில் தேங்காய் நார்த் தட்டு, மகரந்தத் தாள், முப்பத்தெட்டு ஓவியங்கள். நாக்கு நீண்ட தேனீக்கள். அவற்றுக்கு நடுவில் என் கையெழுத்தில் இரண்டு அறிக்கைகள்: ஆகஸ்ட் 30 அன்று கொடுத்த மூன்று வரி, பக்கத்தில் நேற்று எழுதிய இரண்டு பக்கம், பிள்ளைகளின் கவனிப்புகளோடு, மருந்தடித்த தேதியோடு, நேரத்தோடு.

கல்வி அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தார். "ரெண்டும் நீங்க எழுதினதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளாளரின் மருமகன் தட்டிலிருந்த பஜ்ஜியைப் பாதியில் வைத்தான். தாளாளர் காருக்குப் போனார். மரகதவல்லி அவருக்குப் பின்னாலேயே செருப்பு மாட்டாமல் ஓடினார்.

அந்த ஓட்டத்துக்காகவே எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. அது உண்மை அல்ல. ஆனால் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 15

விளக்கம் கேட்டுக் கடிதம். "முன்னுக்குப் பின் முரணான இரு அறிக்கைகளில் எது பொய்யானது என்பதையும் அதற்கான காரணத்தையும் மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். என் சர்வீஸ், என் முழங்கால், முதல்வர் சொன்னது, அவர் சொன்ன தொனி. படித்துப் பார்த்தேன். இப்படி ஒரு விடைத்தாளை எந்தப் பிள்ளை கொடுத்திருந்தாலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருப்பேன். கிழித்துவிட்டு, "முதலாவது. பயத்தால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 24

எட்டாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பும் நூலகமும். பணி நீட்டிப்பு இல்லை என்று இப்போதே எழுத்தில் தந்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவரை வழியனுப்பும் நிறுவனம் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை. நஞ்சப்பனைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. கல்வி அதிகாரி கடிதம் எழுதுவதாகச் சொன்னார். எழுதுவார், அவர் பென்ஷன் வாங்குவதற்குள்.

செப்டம்பர் 28

நஞ்சப்பன் போன் செய்தார். உடுமலையில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டாராம். அந்த முதல்வருக்கும் ஓவியம் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பதுதானாம்.

"பசங்க சொன்னாங்க டீச்சர், நீங்க எழுதுனத."

"எதை? முதலாவதையா, இரண்டாவதையா?"

பின்னால் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"ரெண்டையுந்தானுங்க" என்றார்.

துளசிமணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பள்ளிக்கு வருகிறாள், என்னிடம் இன்னும் பேசுவதில்லை என்றேன். "பேசும்போது பேசட்டுமுங்க" என்றார். பிறகு அவருக்குப் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு எளிதாகச் சொல்லியிருந்தால் அவர் பெயரையும் நீக்கியிருப்பேன், நான் மதிக்கிறவர்களின் பட்டியலில் ஒரு ஆள்கூட மிஞ்சியிருக்க மாட்டார்.